வீட்டு மீடியா சர்வருக்கும் விஎம்களுக்கும் டிஸ்க் திட்டம் போடுறது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மாசம் 20ஆம் தேதி சாயங்காலம் மச்சினன் போன் பண்ணான், மாமா டேலி ஓபனே ஆக மாட்டேங்குது, சுத்திக்கிட்டே இருக்கு, இன்னைக்கு ஜிஎஸ்டி போட கடைசி நாள்னு. அவன் கடை பாடில இருக்கு, ஆனா டேலி ஓடுறது வேளச்சேரில எங்க வீட்டு சர்வர்ல ஒரு விண்டோஸ் விஎம்ல, அதாவது சர்வருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்ல. நான் உள்ள போய்ப் பாத்தா சிபியு சும்மா உக்காந்திருக்கு, ரேம் பாதிக்கு மேல காலி, ஆனா டிஸ்க் மட்டும் மூச்சு முட்டிக்கிட்டு இருக்கு. அன்னைக்குக் காலைலதான் புதுசா நாப்பது படம் ஏத்திருந்தேன், வீட்ல படம் ஓட்டுற சாஃப்ட்வேர் ஜெல்லிஃபின் அத ஒவ்வொண்ணா தொறந்து சின்னச் சின்னப் படமா வெட்டிக்கிட்டு இருந்திச்சு. படம், விஎம், போட்டோ, பேக்கப் எல்லாமே ரெண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க் மிரர்லதான் (ரெண்டுலயும் ஒரே டேட்டா எழுதுற அமைப்பு) இருந்துச்சு. இடம் நெறைய இருந்துச்சு, அந்த இடம் அன்னைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

அதுக்கப்புறம் எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி கட்டினேன். அத எந்த வரிசைல யோசிச்சேனோ அதே வரிசைல இங்க எழுதுறேன், ஏன்னா நெறைய பேர் வந்து "எத்தன டிபி வாங்கலாம்"னுதான் முதல் கேள்வியே கேக்குறாங்க, அது அஞ்சாவதாவோ ஆறாவதாவோ வரவேண்டிய கேள்வி.

ஸ்டெப் 1: பேப்பர்ல நாலு கூடை போடுங்க

கம்ப்யூட்டரத் தொடாதீங்க, ஒரு பேப்பர் எடுங்க. வீட்ல இருக்குற டேட்டா எல்லாத்தையும் "இது நாளைக்குக் காணாமப் போனா என்ன ஆகும்"ங்கிற ஒரே கேள்விய வெச்சுப் பிரிங்க. சைஸ் அப்புறம்.

முதல் கூடை, போனா போனதுதான். எங்க வீட்ல இது போட்டோ, எங்க கல்யாணத்துல எடுத்த மினி டிவி வீடியோ கேமரா டேப், அப்புறம் அம்மா இருபது வருஷமா ரேடியோலருந்து புடிச்சு வெச்ச மார்கழி கச்சேரி கேசட். அந்த கேசட்டெல்லாம் ஒரு தடவ ஓட்டி கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சு, சிலது டேப் பூஞ்சை புடிச்சு இனிமே ஓடாது, ஆக கம்ப்யூட்டர்ல இருக்குறதுதான் இப்ப ஒரிஜினல்.

ரெண்டாவது கூடை, போனா திரும்ப எடுக்கலாம் ஆனா உயிர் போகும். படங்கள். மோசர் பேயர் டிவிடி 300 இருக்கு, அப்புறம் ப்ளூரே. டிஸ்க்கு அலமாரில இருக்கு, மறுபடி ஒவ்வொண்ணா போட்டு ரிப் பண்ணலாம், ரெண்டு மாசம் ஆகும்.

மூணாவது கூடை விஎம். சைஸ் பாத்தா சின்னதுதான், ஆனா இது நின்னா வீடே நிக்கும், லைட் சுவிட்ச் பாக்குற ஹோம் அசிஸ்டன்ட், டேலி, போட்டோ அடுக்குற இம்மிச்சோட டேட்டாபேஸ் எல்லாம் இதுல. இதுக்கு வேணுங்கிறது வேகம், அதுக்கப்புறம் சீக்கிரமா திரும்பக் கொண்டுவர்ற வழி.

நாலாவது கூடை, போனா போகட்டும். கேமரா ரெக்கார்டிங், டவுன்லோட் ஆகிட்டு இருக்குறது, ட்ரான்ஸ்கோட் பண்ணும்போது, அதாவது படத்த வேற ஃபார்மட்டுக்கு மாத்தும்போது, வர்ற தற்காலிக ஃபைல்.

இந்த நாலும் ஒரே டிஸ்க்ல இருக்குறதாலதான் பாதி பிரச்னை வருது. நாலுக்கும் குணமே வேற, ஒண்ணு பெருசா மெதுவா நேரா படிக்கும், ஒண்ணு சின்னச் சின்னதா ஆயிரம் எடத்துல தட்டும், ஒண்ணு 24 மணி நேரமும் எழுதிட்டே இருக்கும், ஒண்ணு எழுதினா வருஷக்கணக்குல யாரும் தொட மாட்டாங்க.

ஸ்டெப் 2: இப்ப சைஸ்

கணக்கு ரொம்ப சுலபம், ஆனா மனசுல போடாம எழுதிப் போடுங்க. மினி டிவி டேப் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும். கேசட்ட சிடி தரத்துல, தரம் கொறையாம சுருக்குற ஃப்ளாக் ஃபைலா மாத்தினா மணிக்கு சுமார் 300லருந்து 350 எம்பி. டிவிடி ஒண்ணு சராசரியா 5 ஜிபி, ரெண்டு லேயர் டிவிடினா அதிகபட்சம் 8.5. ப்ளூரே 30 ஜிபினு வெச்சுக்கோங்க, 4கே டிஸ்க் 60.

என் கணக்கு: முதல் கூடை 900 ஜிபி, வருஷத்துக்கு 150 ஏறுது. ரெண்டாவது கூடை, 300 டிவிடிக்கு 1.5 டிபி, 120 ப்ளூரேக்கு 3.6, நாப்பது 4கேவுக்கு 2.4, மொத்தம் 7.5 டிபி, வருஷம் ஒரு டிபினு நாலு வருஷத்துக்குப் பாத்தா 11.5. விஎம்: ஹோம் அசிஸ்டன்ட் 32 ஜிபி, விண்டோஸ் 100, சின்னச் சின்ன சாஃப்ட்வேர தனித்தனியா ஓட்டுற டாக்கர் இருக்கிற லினக்ஸ் 40, ஜெல்லிஃபின் மெட்டாடேட்டா 30, இம்மிச் டேட்டாபேஸும் தம்ப்நெயிலும் 50, ஆக 252. கேமரா நாலு, ஒவ்வொண்ணும் 4 மெகாபிட்ல எழுதினா மொத்தம் செகண்டுக்கு 2 எம்பி, ஒரு நாளைக்கு சுமார் 173 ஜிபி, ஒரு வாரம் வெச்சுக்கணும்னா 1.2 டிபி.

ரெண்டு விஷயம் இதுல கழிச்சுக்கணும். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமா பெருக்குறான், கம்ப்யூட்டர் 1024ஆ பெருக்குது, அதனால 8 டிபி டிஸ்க் உள்ள போட்டா 7.27னு காட்டும், 4 டிபி 3.63. யாரும் ஏமாத்தல, கணக்கு அப்படி. இன்னொண்ணு, எந்த டிஸ்க்கையும் 80 சதவீதத்துக்கு மேல நெரப்புறதா திட்டம் போடாதீங்க, ஜெட்எஃப்எஸ் மாதிரி ஃபைல்சிஸ்டம்ல காலி இடம் கொறஞ்சா வேகமும் கொறையும். எனக்கு 11.5 வேணும், ரெண்டு 8 டிபி 16, அதுல 80 சதவீதம் 12.8, சரியா உக்காருது.

ஸ்டெப் 3: விஎம்முக்கு எஸ்எஸ்டி, இதுல கஞ்சத்தனம் வேண்டாம்

ஏன் ஹார்ட் டிஸ்க் விஎம்முக்கு ஆகாதுன்னு ஒரு தடவ புரிஞ்சிட்டா அப்புறம் யாரும் போட மாட்டாங்க. 7200 ஆர்பிஎம் தட்டு ஒரு அரைச் சுத்து சுத்த 4.17 மில்லிசெகண்ட் ஆகும். அதுக்கு முன்னாடி ஊசி அந்த எடத்துக்கு நகரணும், அது ஒரு 8 மில்லிசெகண்ட். ஆக ஒரு செகண்டுக்கு எண்பது எடம், நல்லா போனா நூத்திச் சொச்சம் எடம் தொடும், அவ்ளோதான் அதோட பலம். ஒரு விண்டோஸ் சும்மா இருக்கும்போதே டிஸ்க்க தட்டிக்கிட்டேதான் இருக்கும், அதுல நாலு விஎம் சேந்து தட்டினா ஒவ்வொருத்தருக்கும் இருவது, இருவத்தஞ்சுதான் வரும். படம் ஓட்டும்போது அதே டிஸ்க் செகண்டுக்கு 150 எம்பிக்கு மேல அள்ளித் தரும், ஏன்னா அங்க ஊசி நகர வேண்டியதில்ல. டிஸ்க் கெட்டதில்ல, வேல மாறிப்போச்சு. போர்டுல நேரா சொருகுற என்விஎம்இ எஸ்எஸ்டி இதே மாதிரி தட்டல ஆயிரக்கணக்குல இல்ல, லட்சக்கணக்குல தாங்கும்.

252 ஜிபிதான் வேணும்னாலும் நான் 1 டிபி வாங்கச் சொல்வேன். ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மோட அந்த நேரத்து நிலைய அப்படியே புடிச்சு வெக்கிறது, எடம் எடுக்கும், எஸ்எஸ்டி காலியா இருந்தா தேய்மானமும் கம்மி. வாங்கும்போது பாக்கவேண்டியது பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற ஸ்பீட் இல்ல, ரெண்டே விஷயம். ஒண்ணு டிபிடபிள்யூ, அதாவது வாரன்டிக்குள்ள மொத்தம் எவ்ளோ எழுதலாம்னு கம்பெனியே சொல்ற கணக்கு. சாம்சங் 870 ஈவோ 1 டிபிக்கு 600 டிபி, க்ரூஷியல் எம்எக்ஸ்500 1 டிபிக்கு 360 டிபி, நாஸுக்குன்னே (நெட்வொர்க்ல டேட்டா குடுக்குற பெட்டி) வர்ற டபிள்யூடி ரெட் எஸ்என்700 1 டிபிக்கு 2000 டிபி. வித்தியாசத்தப் பாருங்க. இன்னொண்ணு உள்ள இருக்கிற செல் டிஎல்சியா (ஒரு செல்லுல மூணு பிட்) க்யூஎல்சியா (நாலு பிட்). க்யூஎல்சி விலை கம்மி, ஆனா அதோட கேஷ் நெரம்பினதும் எழுதுற வேகம் சரிஞ்சிடும், சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபில அது 80 எம்பிக்கு வந்திடும்னு அவங்க ஸ்பெக்லயே இருக்கு, ஹார்ட் டிஸ்க்க விடக் கம்மி. விஎம் பேக்கப் திருப்பிப் போடும்போது இது நல்லா தெரியும். விஎம்முக்கு டிஎல்சி மட்டும்தான்.

மிரர் போடணுமா ஒண்ணு போதுமா? உங்களுக்கு ஒரு மணி நேரம் வீட்டு லைட் ஆட்டோமேஷன் நின்னா பரவாயில்லன்னா, ஒரே ஒரு நல்ல எஸ்எஸ்டியும் தெனம் ராத்திரி பேக்கப்பும் போதும். என்ன மாதிரி வேறொருத்தர் தொழில் அதுல ஓடுதுன்னா மிரர் போடுங்க, ரெண்டும் ஒரே மாடலா இருக்காம பாத்துக்கோங்க, ஒரே மாதிரி எழுதி ஒரே சமயத்துல தேய வேண்டாம். என் போர்டுல எம்.2 ஸ்லாட் ஒண்ணுதான், அதனால ஒரு பிசிஐஇ அடாப்டர் கார்டு வாங்கி அதுல ரெண்டாவத சொருகிருக்கேன்.

தின் ப்ரொவிஷனிங் பத்தி இங்கயே சொல்லிடறேன், ஏன்னா விஎம் எல்லாத்தையும் ஓட்டுற ப்ராக்ஸ்மாக்ஸ் சும்மா இன்ஸ்டால் பண்ணாலே தின் பூல் (எல்லா விஎம்மும் பங்கு போட்டுக்கிற எடம்) ஒண்ணு போட்டுக் குடுத்திடும். அது எப்படின்னா, 1 டிபி டிஸ்க்ல நீங்க 500 ஜிபி விஎம் நாலு போட்டாலும் சரின்னு தலையாட்டும், எழுத எழுதத்தான் எடம் எடுக்கும். ஆனா உண்மையான எடம் தீர்ந்த அன்னைக்கு எல்லா விஎம்மும் ஒண்ணா அடிவாங்கும், ஃபைல்சிஸ்டமே கெட்டுப்போகலாம். அதனால மொத்தமா குடுத்த சைஸ் நிஜ சைஸத் தாண்டாம வெச்சுக்கோங்க. ஒவ்வொரு விஎம் டிஸ்க் செட்டிங்லயும் டிஸ்கார்டுன்னு ஒரு டிக் இருக்கும், அத போட்டாத்தான் உள்ள அழிச்ச எடம் வெளிய பூலுக்குத் திரும்பும், பாதி பேர் இத விட்டுட்டு எடம் எங்க போச்சுன்னு தேடிட்டு இருப்பாங்க.

ஸ்டெப் 4: படங்களுக்கு ஹார்ட் டிஸ்க்

4கே ப்ளூரே எவ்ளோ வேகமா ஓடினாலும் செகண்டுக்கு 20 எம்பியத் தாண்டாது. எந்த ஹார்ட் டிஸ்க்கும் இத தூக்கத்துல குடுக்கும். ஒரே சமயம் மூணு பேர் பாத்தாலும் கவலை இல்ல. அதனால இங்க வேகத்துக்குக் காசு குடுக்க வேண்டாம், 5400 க்ளாஸ் டிஸ்க் போதும், சூடும் கம்மி சத்தமும் கம்மி.

ஆனா எஸ்எம்ஆர் டிஸ்க் வாங்கிடாதீங்க, இத அடிக்கோடு போட்டுப் படிங்க. எஸ்எம்ஆர்ல ட்ராக்கெல்லாம் கூரை ஓடு மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கும், ஒரு எடத்துல திருத்தணும்னா பக்கத்துல இருக்கிறதையும் சேத்து மறுபடி எழுதணும். சும்மா படம் போட்டுப் படிக்க ஓகே, ஆனா மிரர்லயோ ரெய்ட்லயோ (ஒண்ணு செத்தாலும் டேட்டா தங்குற மாதிரி பல டிஸ்க்க சேத்துக் கட்டுறது) ஒரு டிஸ்க் செத்து புதுசு போட்டு ரீபில்ட் பண்ணும்போது உயிர வாங்கிடும். 2020 ஏப்ரல்ல டபிள்யூடி ரெட் வரிசைல 2லருந்து 6 டிபி வரைக்கும் சில மாடல் சொல்லாமலே எஸ்எம்ஆரா வந்திருக்குன்னு பெரிய பஞ்சாயத்தே நடந்துச்சு, அதுக்கப்புறம்தான் சிஎம்ஆருக்கு, அதாவது ட்ராக் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத டிஸ்க்குக்கு, ரெட் ப்ளஸ்னு பேர் வெச்சாங்க. அதனால கடைல "நாஸ் டிஸ்க்"னு கேக்காதீங்க, டபிள்யூடி ரெட் ப்ளஸ், இல்லன்னா சீகேட் ஐயன்உல்ஃப்னு கேட்டு, மாடல் நம்பர கம்பெனி ஷீட்ல போட்டு சிஎம்ஆர்னு பாத்துட்டு வாங்குங்க. சீகேட் பாரகுடால 4 டிபி, 8 டிபி டெஸ்க்டாப் டிஸ்க் எஸ்எம்ஆர்தான், விலை பாத்து ஆசப்படாதீங்க.

இப்ப மூணு 8 டிபிய எப்படி அடுக்குறது. ரெய்ட்5, இல்லன்னா அதோட ஜெட்எஃப்எஸ் வடிவமான ரெய்ட்இசட்1 போட்டா 16 டிபி கிடைக்கும், ஒண்ணு செத்தா தாங்கும், ரெண்டு செத்தா மூணும் போச்சு. படத்துக்கு மட்டும் நான் இத போடல. மெர்ஜர்எஃப்எஸ், ஸ்னாப்ரெய்ட் ரெண்டும் சேத்துப் போட்டிருக்கேன். மெர்ஜர்எஃப்எஸ் தனித்தனி டிஸ்க்க ஒரே ஃபோல்டரா காட்டும், ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு டிஸ்க்ல முழுசா இருக்கும். ஸ்னாப்ரெய்ட் மூணாவது டிஸ்க்ல பேரிட்டி, அதாவது செத்த டிஸ்க்க திரும்பக் கணக்குப் போட்டு எடுக்க உதவுற டேட்டா, எழுதி வெச்சுக்கும். ஒண்ணு செத்தா மீட்டுக்கலாம், ரெண்டு செத்தாலும் மிச்சம் இருக்கிற டிஸ்க்ல உள்ள படம் அப்படியே இருக்கும், கழட்டி வேற எந்த லினக்ஸ் மெஷின்லயும் மாட்டிப் பாக்கலாம். அடுத்த வருஷம் வேற சைஸ் டிஸ்க் ஒண்ணு சேக்கலாம், ஒரே ஒரு கண்டிஷன், பேரிட்டி டிஸ்க் மத்த எல்லாத்தையும் விட சின்னதா இருக்கக்கூடாது. படம் ஓடாத டிஸ்க் தூங்கலாம்ங்கிறது இன்னொரு லாபம்.

இதுக்கு ஒரு குறையும் உண்டு, தெரிஞ்சுக்கிட்டுப் போடணும். ஸ்னாப்ரெய்ட் உடனுக்குடனே எழுதாது, நீங்க சிங்க் ஓட்டும்போதுதான் பேரிட்டி மாறும். நான் ராத்திரி 3 மணிக்கு ஓட்டுறேன், ஆக அன்னைக்குப் பகல்ல ஏத்தின படத்துக்கு ராத்திரி வரைக்கும் பாதுகாப்பு கிடையாது. எப்பவும் மாறிக்கிட்டே இருக்கிற விஎம் டிஸ்க்கையும் டேட்டாபேஸையும் இதுல வைக்கவே கூடாது. மாறாத பெரிய ஃபைலுக்குன்னே செஞ்ச மருந்து இது.

இன்னொரு தப்பு நான் மூணு வீட்லயாவது பாத்துட்டேன், படத்த விஎம்மோட விர்ச்சுவல் டிஸ்க்குக்குள்ள போடுறது. 6 டிபிக்கு ஒரே ஒரு விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல், அதுக்குள்ள படம். அந்த விஎம் பூட் ஆகலன்னா படமும் இல்ல, பேக்கப் எடுத்தா 6 டிபியும் சேந்து வரும், வேற எடத்துக்கு நகத்தவும் முடியாது. டிஸ்க்க ஹோஸ்ட்லயே, அதாவது ப்ராக்ஸ்மாக்ஸ்லயே மவுண்ட் பண்ணுங்க, ஜெல்லிஃபின ஒரு எல்எக்ஸ்சி கன்டெய்னர்ல (விஎம் மாதிரிதான், ஆனா ஹோஸ்ட்டோட லினக்ஸையே பங்கு போட்டுக்கும்) போட்டு அந்த ஃபோல்டர உள்ள தெரியிற மாதிரி பைண்ட் பண்ணிடுங்க. அன்ப்ரிவிலேஜ்டு, அதாவது ஹோஸ்ட்ல முழு உரிமை இல்லாத, கன்டெய்னர்ல யூசர் ஐடி எல்லாம் 100000 தள்ளி இருக்கும், அதனாலதான் பெர்மிஷன் டினைடுன்னு வரும், பயப்படாம அந்த ஐடிக்கு உரிமை குடுத்தா வேல செய்யும்.

ஸ்டெப் 5: முதல் கூடை, இங்கதான் மனசார செலவு பண்ணணும்

இதுக்கு ரெண்டு 4 டிபி, ஜெட்எஃப்எஸ் மிரர். ஏன் ஜெட்எஃப்எஸ்னா அது ஒவ்வொரு ப்ளாக்குக்கும் செக்சம் (சரிபாக்குற எண்) வெச்சிருக்கு, ஒரு டிஸ்க்ல இருக்கிற பிட் சத்தமில்லாம கெட்டுப்போனா கண்டுபிடிச்சு இன்னொரு டிஸ்க்லருந்து எடுத்துத் தானே சரி பண்ணிடும். ப்ராக்ஸ்மாக்ஸ்ல மாசத்தோட ரெண்டாவது ஞாயித்துக்கெழம ஸ்க்ரப், அதாவது டேட்டா எல்லாத்தையும் படிச்சு சரிபாக்குற வேல, தானா ஓடும், அத நிறுத்தாதீங்க. ஜெட்எஃப்எஸ் ரேம்ல கேஷ் வெச்சுக்கும், என்கிட்ட 32 ஜிபி, அதுல 8க்கு மேல எடுக்காதன்னு வரம்பு போட்டுட்டேன், இல்லைன்னா விஎம்முக்கு ரேம் பத்தாது.

மிரர் பேக்கப் இல்ல. தெரியாம ஒரு ஃபோல்டர அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் அதே நொடில அழியும். அதனால வெளிய ரெண்டு காப்பி வேணும். ஒண்ணு, ஒரு யூஎஸ்பி டிஸ்க், மாசம் ஒரு தடவ மாட்டி காப்பி எடுத்துட்டுக் கழட்டி பீரோல வைக்கிறது. கழட்டி வைக்கிறதுதான் இதுல முக்கியம், மாட்டியே வெச்சா மின்னலும் வைரஸும் அதையும் சேத்துத்தான் அடிக்கும்.

இன்னொண்ணு ஊருக்கு வெளிய. நாம சென்னைல இருக்கோம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம், ரெண்டு தடவையும் வேளச்சேரி தெருவுல தண்ணி நின்னத நான் பாத்திருக்கேன். கீழ் வீட்டுக்காரங்க கல்யாண ஆல்பத்த வெயில்ல காய வெச்சுட்டு ஒவ்வொரு பக்கமா பிரிச்சுப் பாத்தாங்க, கலர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப்போச்சு. காப்பிய தாம்பரத்துல இருக்கிற அண்ணன் வீட்ல வெச்சா அதே மழை அங்கயும் பெய்யும். என் காப்பி மதுரைல அக்கா வீட்ல இருக்கு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புது டிஸ்க்க குடுத்துட்டுப் பழச வாங்கிட்டு வருவேன். டிஸ்க்க என்க்ரிப்ட் பண்ணிட்டுக் குடுங்க, பாஸ்வேர்ட ரெண்டு பேருக்காவது தெரியிற மாதிரி எழுதி வெச்சிருங்க.

ஸ்டெப் 6: போர்ட், கரன்ட், சூடு

போர்ட் எண்ணுங்க. எனக்கு ரெண்டு 4, மூணு 8, கேமராவுக்கு ஒரு பழைய 2 டிபி, ஆக ஆறு சாட்டா. போர்டுல ஆறுதான். சில போர்டுல எம்.2 ஸ்லாட்ல எதையாவது சொருகினா ஒரு சாட்டா போர்ட் செத்துடும், மேனுவல்ல சின்ன எழுத்துல இருக்கும், வாங்கறதுக்கு முன்னாடி படிங்க. பத்தலைன்னா எல்எஸ்ஐ 9211 மாதிரி பழைய சர்வர் எச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க் மாட்டுறதுக்கு) கிடைக்கும், ரெய்ட் போடாம டிஸ்க்க நேரா காட்டுற ஐடி மோட்ல ஃப்ளாஷ் பண்ணதான்னு கேட்டு வாங்குங்க, அதோட ஹீட்சிங்க் மேல ஒரு சின்ன ஃபேன் கட்டாயம் வைங்க, அது சர்வர் ரூம் காத்துக்குச் செஞ்சது, நம்ம வீட்டு கேபினெட்டுக்கு இல்ல. யூஎஸ்பி பெட்டில நாலு டிஸ்க் போட்டு ஜெட்எஃப்எஸ் கட்டாதீங்க, கனெக்‌ஷன் ஒரு நொடி விட்டாலும் பூல் திணறும்.

கரன்ட் பத்தி. ஹார்ட் டிஸ்க் சும்மா சுத்தும்போது ஒரு 5 வாட், ஆனா ஸ்டார்ட் ஆகும்போது 12 வோல்ட்ல 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், ஆறும் ஒண்ணா கெளம்பினா நூத்தி நாப்பது வாட்டுக்கு மேல. ஆக நல்ல எஸ்எம்பிஎஸ் வேணும். மோலெக்ஸ்லருந்து சாட்டாவுக்கு மாத்துற வார்ப்பு ப்ளாஸ்டிக் கனெக்டர் வேண்டவே வேண்டாம், உருகி எரிஞ்சிருக்கு நெறைய எடத்துல. என் சர்வர் மொத்தம் சுமார் 55 வாட், ரெண்டு மாசத்துக்கு 79 யூனிட். ஈபில ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீன்னு வருதே, அதுல முக்கால்வாசிக்கு மேல இதுவே எடுத்துக்கும், வீட்ல ஏசி ஓடுற கோடைல ஸ்லாப் மாறி பில் எகிறும், வீட்ல முன்னாடியே சொல்லிடுங்க.

யூபிஎஸ் வாங்கும்போது யூஎஸ்பி போர்ட் இருக்கான்னு பாருங்க, விலை கம்மியா வர்றதுல பலதுல இருக்காது. கேபிள் மாட்டி நட்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டா பேட்டரி கொறையும்போது விஎம்களையெல்லாம் வரிசையா ஷட்டவுன் பண்ணிட்டு ஹோஸ்ட்டையும் அணைக்கும். மழைக்காலத்துல தெருவுக்கே கரன்ட கட் பண்ணுவாங்க, மணிக்கணக்கா வராது, அதனால பேட்டரில ஓட்டிட்டே இருக்கிறது நோக்கமில்ல, ஒழுங்கா அணைக்கிறதுதான்.

சூடு: கத்திரி வெயில்ல ரூமே 36, 37 டிகிரி இருக்கும், டிஸ்க் அதுக்கு மேல பத்து டிகிரி போகும். ஸ்பெக்ல 60, 65 வரைக்கும்னு போட்டிருப்பான், நான் 45ஐத் தாண்ட விடுறதில்ல. டிஸ்க் கூண்டுக்கு முன்னாடி ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன், டிஸ்க்குக்கு நடுவுல ஒரு விரல் எடைவெளி, கேபினெட்ட டிவி ஸ்டாண்டுக்குள்ள மூடி வைக்காம இருக்கிறது, இதுவே போதும். தரைல வைக்காதீங்க, காரணம் மேலயே சொல்லிட்டேன்.

ஸ்டெப் 7: வாங்குறதும் சோதிக்கிறதும்

ரிச்சி ஸ்ட்ரீட் போறீங்கன்னா ஒரே கடைல மூணும் வாங்காதீங்க, ஒரே லாட்ல வந்த டிஸ்க்குக்கு ஒரே குறை இருக்கலாம். பில்ல ஜிஎஸ்டி நம்பரும் டிஸ்க் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்க. அந்த சீரியல அங்கயே நின்னு போன்ல கம்பெனி வாரன்டி பேஜ்ல போட்டுப் பாருங்க, ரெட் ப்ளஸ், ஐயன்உல்ஃப் ரெண்டுக்கும் 3 வருஷம் காட்டணும். "ணா இது இம்போர்ட் பீஸ், வாரன்டி நாங்க தர்றோம்"னு சொன்னா வேண்டாம்னு வந்துடுங்க. 2025 தொடக்கத்துல ஓடித் தேஞ்ச சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்க மணிக்கணக்க அழிச்சுட்டு புதுசுன்னு வித்தது ஜெர்மனில வெளிய வந்துச்சு, அதனால டிஸ்க் தன் உடல்நிலைய தானே பதிஞ்சு வெக்கிற ஸ்மார்ட்ல சைபர் மணி நேரம்னு காட்டுறத மட்டும் நம்பாதீங்க, சீகேட் டிஸ்க்குல ஃபார்ம்னு தனியா ஒரு பதிவு இருக்கு, ஸ்மார்ட் படிக்கிற சாஃப்ட்வேரான ஸ்மார்ட்மான்டூல்ஸோட புது வெர்ஷன்ல அதையும் படிக்கலாம், ரெண்டும் ஒத்துப்போகணும்.

வீட்டுக்கு வந்ததும் டேட்டா ஏத்தாதீங்க. முதல்ல ஸ்மார்ட் லாங் டெஸ்ட், 8 டிபிக்கு அரை நாளுக்கு மேல ஓடும். அப்புறம் பேட்ப்ளாக்ஸ்னு ஒரு லினக்ஸ் கமாண்ட எழுதிப் படிக்கிற மோட்ல, ப்ளாக் சைஸ் 4096னு குடுத்து, இது நாலு நாள் கூட ஆகும், உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சிடும் அதனால காலி டிஸ்க்ல மட்டும். முடிஞ்சதும் ஸ்மார்ட்ல 5, 197, 198னு வர்ற மூணு வரிலயும் (கெட்ட செக்டர் கணக்கு) மதிப்பு சைபரா இருக்கணும், ஒண்ணு ஏறியிருந்தாலும் கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்க. 199 (டேட்டா கடத்துறப்ப வர்ற பிழை) ஏறினா டிஸ்க்க சந்தேகப்படாதீங்க, முதல்ல கேபிள மாத்துங்க.

ஸ்டெப் 8: கட்டுற வரிசை

ஒவ்வொரு டிஸ்க் ஓரத்துலயும் சீரியலோட கடைசி நாலு எழுத்த ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டுங்க, மாட்டின பிறகு தெரியிற பக்கத்துல. ஒரு டிஸ்க் சாகும்போது ஆறுல எதுன்னு தெரியாம நல்லத கழட்டிடக்கூடாது. அதே காரணத்துக்காக பூல் கட்டும்போது லினக்ஸ் வெக்கிற எஸ்டிஏ எஸ்டிபிங்கிற பேர குடுக்காதீங்க, ரீபூட்ல அது மாறும், பை-ஐடி பாதைய குடுங்க, அதுல சீரியல் இருக்கும்.

ப்ராக்ஸ்மாக்ஸ எஸ்எஸ்டில போடுங்க, 4 டிபி மிரர ஆஷிஃப்ட் 12ல (4096 பைட் செக்டர் கணக்கு) கட்டுங்க, அப்புறம் 8 டிபி மூணையும் எக்ஸ்டி4 ஃபார்மட் பண்ணி ரெண்ட மெர்ஜர்எஃப்எஸ்ல சேருங்க, கேமரா டிஸ்க்க தனியா மவுண்ட் பண்ணுங்க. முதல்ல டேட்டா, கடைசில விஎம். ஜெல்லிஃபினோட ட்ரான்ஸ்கோட் ஃபோல்டர ரேம்ல எடம் இருந்தா அங்க மாத்திடுங்க, எஸ்எஸ்டி தேயாது.

ஸ்டெப் 9: பேக்கப் வேல செய்யுதான்னு பாருங்க

விஎம் பேக்கப் ராத்திரி 2 மணிக்கு எஸ்எஸ்டிலருந்து 4 டிபி மிரருக்குப் போகுது, தெனசரி மூணு, வாரத்துக்கு ரெண்டு வெச்சுக்கிறேன். அங்கருந்து யூஎஸ்பி டிஸ்க்குக்கும் மாசம் ஒரு தடவ போகும்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவ டேலி விஎம்மோட பேக்கப்ப வேற விஎம் நம்பர்ல ரீஸ்டோர் பண்ணி, நெட்வொர்க்க கழட்டிட்டு பூட் பண்ணிப் பாக்குறேன். அம்மா கேசட்டுல ஒண்ண மதுரை டிஸ்க்லருந்து எடுத்து முழுசா ஓட்டிப் பாக்குறதும் இதுல சேரும். போன தடவ டேலி விஎம் திரும்ப எந்திரிக்க ஆறு நிமிஷம் ஆச்சு, மச்சினன வெச்சே கம்பெனி ஓபன் பண்ணி அன்னைக்கு பில் வரைக்கும் இருக்கான்னு பாக்கச் சொன்னேன், இருந்துச்சு.